முதல் வரி மட்டும்

மினேயு ஊரில் இரண்டு பெண்கள் பல வருஷங்களாக வானிலையைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை. பேச்சே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. தினமும் காலையில் பேசினார்கள். விருந்தாளிகளைப் பேருந்தில் ஏற்றி, அது வளைவு தாண்டி மறையும்வரை கையசைக்க வரும்போது, ஆற்றின் இந்தக் கரையிலிருந்து ஹிசானோவும் அந்தக் கரையிலிருந்து தமாயோவும் சிவப்புப் பாலத்தின் நடுவில் எதிர்ப்படுவார்கள். கிமோனோ கசங்காமல் இடுப்பு வளைய வணங்கிக்கொள்வார்கள்.

"குளிர ஆரம்பிச்சிடுச்சுங்க, தமாயோ சான்."

"ஆமாங்க, ஹிசானோ சான். ராத்திரி ஒரு போர்வை பத்தலைங்க."

அவ்வளவுதான். இவள் இந்தக் கரைக்கு, அவள் அந்தக் கரைக்கு. வெளியூர்க்காரர்கள் பார்த்தால், ஆகா, என்ன மரியாதை என்று படம்பிடிப்பார்கள். அது சண்டை என்பது ஊருக்குத் தெரியும்.

இருவரும் அந்த ஊரிலேயே பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இருவருமே வெந்நீர் ஊற்று விடுதிகளுக்கு மருமகளாகப் போய், மாமியாரிடம் திட்டு வாங்கி, காலப்போக்கில் ஒகாமி ஆனார்கள். ஒகாமி என்றால் விடுதியின் எஜமானி. வாசலில் மண்டியிட்டு வரவேற்பது முதல் குளியலறையில் யார் செருப்பு மாறிப்போனது என்பதுவரை எல்லாம் அவள் தலையில்தான். ஹிசானோவுக்கு ஆற்றின் இக்கரையில் சின்னதாக கொமோரி விடுதி. தமாயோவுக்கு அக்கரையில் பெரிதாக சுய்ஹோ மாளிகை. பழைய விருந்தாளிகள் போய்ப் புதியவர்கள் வருவதற்குள் கிடைக்கும் மத்தியான நேரத்தில், இருவரும் பாலத்தடியில் கால் நனைக்கும் வெந்நீர்த் தொட்டியில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பயறு வைத்து ஆவியில் வேகவைத்த பன்னைத் தின்றபடி விருந்தாளிகளைப் போல நடித்துக் காட்டுவார்கள். நடிப்பது தமாயோ, சிரிப்பது ஹிசானோ. ஒருமுறை சிரித்த சிரிப்பில் ஹிசானோவின் பன் தொட்டியில் விழுந்து, அதை எடுத்துப் பிழிந்து தின்ற கதைகூட உண்டு.

பிறகு தமாயோவின் கணவர் மூன்று மாடியில் ஒரு புதுக் கட்டடம் எழுப்பினார். ஊரில் இவ்வளவு இடம் இருக்க, அது வந்து நின்றது கொமோரி விடுதியின் பைன் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே. பைன் அறை என்றால் ஹிசானோவிடம் இருந்த ஒரே நல்ல அறை. படுத்தபடியே எபோஷி மலையைப் பார்க்கலாம் என்றுதான் அங்கே ஜனங்கள் வந்தார்கள். இப்போது படுத்தபடியே தமாயோ வீட்டுச் சுவரைப் பார்க்கலாம்.

தமாயோ வந்து ஒரு வார்த்தை சொல்வாள் என்று ஹிசானோ காத்திருந்தாள். "என் வீட்டுக்காரர் கேக்கலடி, நான் என்ன பண்ணுவேன்" என்றாவது சொல்லியிருக்கலாம். தமாயோ வரவில்லை. அடுத்த நாள் பாலத்தில் தலையைக் குனிந்துகொண்டு, "இன்னிக்குக் காத்து கொஞ்சம் ஜாஸ்திங்க" என்றாள். போடி வாடி என்றிருந்தவள் 'ங்க' போட்டுவிட்டாள்! ஹிசானோவும் வைராக்கியமாக, "ஆமாங்க" என்றாள். அன்று தொடங்கியது.

மலை போனதைக்கூட ஹிசானோ ஒருவாறு சகித்துக்கொண்டாள். கடையில் எபோஷி மலையின் படம் ஒன்றை வாங்கி, பைன் அறை ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டினாள். சிரிக்க ஆள் இல்லாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. கணவர் குனிஹிகோ நல்ல சமையல்காரர், நல்ல மனிதர், ஆனால் ஒரு வேடிக்கையைச் சொன்னால், "அப்புறம்?" என்று கேட்பார். அவரை வைத்துக்கொண்டு எப்படிச் சிரிப்பது?

இரண்டாயிரத்து ஆறாம் வருஷ இலையுதிர்காலத்தில், விடுதிச் சங்கத்தின் செயலாளர் நாகுமோ ஒன்பது ஒகாமிகளையும் கூட்டினார். நாற்பது தாண்டிய மனிதர். கணினி வகுப்புக்குப் போய்வந்ததிலிருந்து நடையே மாறிவிட்டது.

"அம்மா, இனிமே நாம அச்சடிச்ச விளம்பரத்தை யாரும் நம்பப் போறதில்ல," என்றார். "தோக்கியோவில இருக்கற ஜனங்க யாரோ ஒருத்தர் தன் வாயால சொல்றதைத்தான் நம்பறாங்க. அதனால நீங்க ஒவ்வொருத்தரும் தினம் ஒரு வலைப்பதிவு எழுதணும். சங்கத்தோட பக்கம் ஒரு திரட்டி. அது மணிக்கு ஒருதரம் தானாவே போயி, ஒன்பது பேர் எழுதினதையும் அள்ளிட்டு வந்து ஒரே இடத்தில போடும்."

"அள்ளிட்டு வரதுக்கு யார் போவாங்க?" என்று கேட்டாள் வயதில் மூத்த ஒகாமி ஒருத்தி.

"யாரும் போக வேண்டாம்மா. நம்ம ஊத்துலேர்ந்து ஒன்பது வீட்டுக்குக் குழாய் போகுதில்ல? இது அதுக்குத் தலைகீழ். ஒன்பது வீட்டுலேர்ந்து ஒரு தொட்டிக்குக் குழாய் வருது. அந்தத் தொட்டியிலேர்ந்து யாரு வேணும்னாலும் இன்னொரு குழாய் போட்டு எடுத்துக்கலாம். ரயில் நிலையத்தில போடலாம், தோக்கியோவில போடலாம். உங்க வீட்டு வாசல் கூடத்திலயும் ஆளுக்கு ஒரு திரை மாட்டப் போறேன்."

குழாய் என்றதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. குழாயோடு பிறந்து வளர்ந்தவர்கள்.

பதிவுகள் வந்தன. நாகுமோ ஆசை ஆசையாகத் திரட்டியைத் திறந்து பார்த்தார். அதில் ஒவ்வொரு பதிவிலிருந்தும் முதல் வரி மட்டும்தான் தெரியும். பிடித்தவர்கள் சொடுக்கி உள்ளே போய் மிச்சத்தைப் படிக்க வேண்டும். திரையில் ஒன்பது வரிகள் இருந்தன.

இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்ட இந்நாட்களில் தாங்கள் அனைவரும்...

இலைகள் மெல்லச் சிவந்துவரும் இவ்வேளையில் தங்கள் அனைவரின்...

மலைச்சரிவில் இலைகள் சிவந்து, காற்றும் குளிர்ந்துவரும் இந்நாளில்...

இப்படியே ஒன்பதும். ஒரு ஒகாமி உள்ளே காட்டுப் பன்றிக் குழம்பைப் பற்றி எழுதியிருந்தாள், இன்னொருத்தி கல்யாணத் தம்பதிகளுக்குச் சலுகை என்று எழுதியிருந்தாள். யாருக்குத் தெரியும்? ஒன்பது வீட்டு வாசலிலும் ஒரே கோலம். யார் எந்தக் கதவைத் தட்டுவார்கள்?

நாகுமோ திரும்பக் கூட்டம் போட்டார், ஏறக்குறைய அழுதுவிட்டார்.

"அம்மா, தயவு பண்ணி விஷயத்தை முதல்ல எழுதுங்க. இலை, காத்து, நலம் விசாரிக்கறதெல்லாம் கடைசியில வச்சுக்கலாம்."



"பருவத்தைச் சொல்லாம எடுத்த எடுப்புல விஷயமா?" என்றாள் மூத்தவள். "செருப்போட பாய்மேல ஏறி நடக்கச் சொல்றீங்களா, நாகுமோ சான்?"

தமாயோ வாயைத் திறந்தாள். ஊரிலேயே அழகாக எழுதுகிறவள் அவள்தான். அவளுடைய பருவ வணக்கம் நாலு வரி ஓடும், படித்தால் குளிரே அடிக்கும். "முகம் கழுவறதுக்கு முன்னாடி யாரும் வாசலுக்கு வர மாட்டாங்க இல்லீங்களா?" என்று மென்மையாகச் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். நாகுமோவின் பக்கம் யாரும் இல்லை.

ஹிசானோவும் தலையாட்டத்தான் செய்தாள். ஆனால் அவளுக்குப் பருவ வணக்கம் எழுத வராது. போன தடவை "இலைகள் சிவந்துவிட்டன" என்று எழுதிவிட்டு அடுத்து என்ன சிவக்கலாம் என்று அரைமணி யோசித்திருக்கிறாள். அதனால், மரியாதையும் வேண்டாம் மண்ணும் வேண்டாம் என்று, வீட்டுக்கு வந்ததும் எழுதினாள்:

நேற்று இரவு மீன் கருகிவிட்டது. கருக்கியவர் என் கணவர்.

திரட்டியில் எட்டுச் சிவந்த இலைகளுக்கு நடுவே ஒரு கருகிய மீன். அன்றைக்குத் திரட்டிக்கு வந்தவர்கள் அத்தனைபேரும் அந்த மீனைத்தான் சொடுக்கினார்கள்.

குனிஹிகோவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. "நான் இருபது வருஷமா பொரிச்ச மீனையெல்லாம் விட்டுட்டு அந்த ஒரு மீனையா எழுதணும்?"

"பாருங்க, யாரோ ஒசாக்காக்காரர் பின்னூட்டம் போட்டிருக்கார். கருகின மீன் கிடைக்குமா, எங்கம்மா கையில சாப்பிட்ட மாதிரி இருக்கும்னு கேக்கறார்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கருக்கிக் குடுங்க!"

கொமோரி விடுதியின் முதல் வரிகள் ஊரைத் தாண்டின. தோக்கியோவில் வெந்நீர்ப் பிரியர்கள் நடத்தும் ஒரு பக்கம் நாகுமோவின் தொட்டியில் குழாய் போட்டு இழுத்தது. அங்கிருந்து இன்னொன்று இழுத்தது. "எங்கள் பெண்கள் குளியல் இன்று கொஞ்சம் சூடு கம்மி, ஊற்றுக் கிணற்றைப் பழுதுபார்க்கிறவரை அழைத்திருக்கிறோம்" என்று எழுதினாள், சூடு குறைவான குளியல்தான் வேண்டும் என்று இருவர் வந்தார்கள். "நேற்று வந்த பேராசிரியர் குளியல் உடையை வலப்பக்கம் மேலே வைத்துச் சுற்றியிருந்தார், அது பிணத்துக்குச் சுற்றும் முறை, ஆனால் அவர் நலமாக இருக்கிறார்" என்று எழுதினாள், அந்தப் பேராசிரியரே பின்னூட்டத்தில் வந்து தான் இன்னமும் நலம் என்று உறுதி சொன்னார். முகம் தெரியாத ஜனங்கள் தினம் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். ஹிசானோவுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரியை எழுதி முடித்ததும் அவள் கண், ஜன்னல் வழியே அக்கரைக்குப் போகும். இது அவளுக்குப் பிடிக்குமே, இதை நடித்துக் காட்டினால் எப்படி இருக்கும் என்று தோன்றும். தமாயோவின் வாசல் கூடத்துத் திரையிலும் இதெல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் படித்தாளா, படித்துச் சிரித்தாளா? பாலத்தில் கேட்கவா முடியும்?

"முதல் உறைபனி விழுந்துடுச்சுங்க."

"ஆமாங்க, முள்ளங்கிக்கு நல்லதுங்க."

அப்படியிருக்க, ஒரு நாள் காலை பைன் அறையில் தங்கியிருந்த ஒரு மூக்குக்கண்ணாடிப் பெண்மணி ஹிசானோவைக் கூப்பிட்டு, மிகுந்த அன்போடு கேட்டாள்: "ஒகாமி சான், ஜன்னலுக்குப் பக்கத்தில எதுக்கு மலைப்படம்? ஜன்னலைத் திறந்தா மலை தெரியுமே, இல்லையா?" அப்படியே ஜன்னலையும் திறந்தாள். எதிரே மூன்று மாடிச் சுவரும் ஒரு சின்ன ஜன்னலும் தெரிந்தன. அந்த அம்மாள், "ஓ" என்று சொல்லி, ரொம்ப மெதுவாக மூடினாள்.

அந்த "ஓ" ஹிசானோவுக்குச் சுருக்கென்று தைத்தது. நேரே வந்து கணினி முன்னால் உட்கார்ந்தாள். விஷயத்தை முதலில் எழுதிப் பழகிவிட்ட கை அல்லவா, அது நிற்கவில்லை:

எங்கள் பைன் அறையிலிருந்து மலை தெரியாது. சுய்ஹோ மாளிகைக்காரி மறைத்துவிட்டாள், எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

அதோடு நிறுத்தவில்லை. கீழே இன்னும் எழுதினாள். ஆத்திரத்தைக்கூட மென்று முழுங்கிவிடலாம், ஆனால் அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாளே, அதற்குப் பிறகு நான் வயிறு வலிக்கச் சிரித்ததே இல்லை, ஊற்று வற்றினால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்காது என்று எழுதினாள். எழுதி, அனுப்பு என்பதை அமுக்கி, சமையலறைக்குப் போய் முள்ளங்கியைத் துருவினாள். பாதி முள்ளங்கியில் கை நின்றது. ஐயையோ, என்ன காரியம் செய்தேன்! ஓடி வந்து பதிவை அழித்தாள். அப்பாடா என்று பெருமூச்சு விட்டாள்.

பிறகு வாசல் கூடத்துக்கு வந்தாள். திரையில், எல்லோருக்கும் மேலே, பெரிய எழுத்தில் அவளுடைய முதல் வரி நின்றுகொண்டிருந்தது.

நாகுமோவுக்குத் தொலைபேசி போட்டாள். அவர் பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தார். வந்து சேர்ந்தபோது பாதி வாய் மரத்திருந்தது.

"நீங்க உங்க வீட்டுல அழிச்சிட்டீங்கம்மா. ஆனா திரட்டி அதுக்கு முன்னாடியே வந்து அள்ளிடுச்சு."

"அப்போ திரட்டியில அழிங்க!"

"அழிச்சிட்டேன். தோக்கியோ பக்கம் அதுக்குள்ள நம்மகிட்டேர்ந்து அள்ளிடுச்சு. அவங்ககிட்டேர்ந்து இன்னொருத்தர். குழாயில போன தண்ணிம்மா, இழுத்தா திரும்ப வருமா?"

"மிச்சம் எழுதினேனே, அதுவாவது போச்சா?"

நாகுமோ மரத்த கன்னத்தைத் தடவிக்கொண்டார். "மிச்சம் எங்கயும் போகலம்மா. முதல் வரி மட்டும்தான் போகும். மிச்சத்தை நீங்களே அழிச்சிட்டீங்களே."

ஹிசானோ அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஆத்திரம் மட்டும் ஊர் ஊராகப் போய்விட்டது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் இல்லாமல் போயிற்று. தமாயோ தன் வீட்டுக் கூடத்தில், தன் விருந்தாளிகளுக்கு நடுவே நின்று, 'சுய்ஹோ மாளிகைக்காரி' என்பதை மட்டும் படித்திருப்பாள்.

இனி அடுத்த கூத்து. மினேயு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஜனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து தோக்கியோ பக்கத்தின் பின்னூட்டத்தில் மல்லுக்கட்டினார்கள். ஒருவர் எங்கிருந்தோ பழைய அஞ்சலட்டைப் படத்தைத் தேடிப்பிடித்து, புதியதையும் பக்கத்தில் வைத்து, மலை எவ்வளவு மறைந்தது என்று கோடு போட்டுக் காட்டினார். கட்டடத்தை இடிக்க வேண்டும் என்றார் ஒருவர். ஜன்னலை வேறு பக்கம் வைத்தால் என்ன என்றார் ஒரு புத்திசாலி. சுய்ஹோ மாளிகையில் ஒருகாலும் தங்க மாட்டேன் என்று சபதம் செய்தவர், விசாரித்தால், கடல் தாண்டி ஹவாயில் இருக்கிறவர். கருகிய மீன் கேட்ட ஒசாக்காக்காரர் மட்டும், "இரண்டு அம்மாக்களும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வாய் தேநீர் குடித்தால் சரியாகும்" என்று எழுதியிருந்தார். அவரை இரண்டு கட்சியும் சேர்ந்து திட்டின.

அடுத்த நாள் காலை பாலத்தில் தமாயோ வரவில்லை.

ஹிசானோ நின்று பார்த்தாள். பேருந்து போய், அடுத்த பேருந்தும் வந்து போயிற்று. இத்தனை வருஷத்தில் காய்ச்சலோடுகூட வந்து "வெயில் நல்லாருக்குங்க" என்று சொன்னவள் அவள். மறுநாளும் வரவில்லை. அந்தப் பாழாய்ப்போன வானிலைப் பேச்சாவது இருந்ததே, அதையும் கெடுத்துக்கொண்டேனே என்று ஹிசானோவுக்கு அழுகை முட்டியது. மன்னிப்புக் கேட்க நல்ல பன்னாக ஒரு பெட்டி வாங்கி, துணியில் சுற்றி, பாலத்தின் பாதிவரை போனாள். போய்? "பனி விழுதுங்க" என்றுதான் தொடங்க வேண்டும். அதற்குப் பிறகு வேறு வார்த்தை வராது என்று தெரியும். திரும்பிவிட்டாள். பன்னைக் குனிஹிகோதான் தின்றார்.

மூன்றாவது பன்னைத் தின்றுகொண்டே அவர் கேட்டார்: "அந்த மலை திரும்பி வந்துட்டா உனக்குச் சரியாயிடுமா?"

"மலை யாருக்கு வேணும்? எனக்குத் தமா வேணும்."

"அப்புறம் எதுக்கு மலையை முதல்ல எழுதின?"

ஹிசானோ அவரையே பார்த்தாள். இந்த மனிதர் இத்தனை வருஷமாக "அப்புறம்" கேட்டதற்கு இன்றைக்குத்தான் ஒரு பிரயோசனம்.

கணினி முன்னால் உட்கார்ந்தாள். கை பயத்தில் பழைய வழக்கத்துக்கே ஓடியது: 'முதல் பனி விழுந்துவிட்ட இந்நாளில்' என்று அடித்துவிட்டு அழித்தாள். 'அன்று நான் எழுதியது' என்று தொடங்கினாள்; சப்பைக்கட்டு மாதிரி இருந்தது, அதையும் அழித்தாள். பிறகு மூச்சை இழுத்துப் பிடித்து ஒரே வரி அடித்தாள். கீழே ஒன்றும் எழுதவில்லை, எழுதினாலும் போகாது.

தமாயோ இல்லாமல் எனக்குச் சிரிக்க ஆளில்லை. மலை எக்கேடும் கெடட்டும்.

அனுப்பிவிட்டு வாசல் கூடத்துக்கு வந்து திரைக்கு எதிரே உட்கார்ந்தாள். திரட்டி மணிக்கு ஒருமுறைதான் வரும். இட்டலி வேகும்வரை எழுந்து எழுந்து பார்க்கிறவர்கள் உண்டல்லவா, அப்படி உட்கார்ந்திருந்தாள். வரி வந்தது. மேலே ஏறி நின்றது. அவளுக்குக் காது சுட்டது. இனி அடுத்த மணி. அதற்குள் விருந்தாளிகள் இருவர் வந்தார்கள். மண்டியிட்டு வரவேற்றாள், கண் மட்டும் திரையில். அடுத்த மணிக்குப் புது வரி ஒன்று குதித்து வந்தது. 

பனியின் முதல் துளிகள் பைன் இலைகளை வருடும் இந்நாட்களில் தாங்கள்...

மூத்த ஒகாமி. சனியன்! இன்றைக்கென்று பார்த்து!

அதற்கடுத்த மணிக்கு விளக்குப் போடும் நேரம். குனிஹிகோவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். திரை ஒருமுறை சிமிட்டியது. சுய்ஹோ மாளிகை என்ற பெயர் மேலே ஏறியது. ஊரிலேயே அழகாக எழுதுகிறவள், நாலு வரிக்குப் பருவம் பாடுகிறவள், இலையும் இல்லாமல் பனியும் இல்லாமல் எழுதியிருந்தாள்:

எங்கள் மூன்றாம் மாடித் துணி அறை ஜன்னலிலிருந்து மலை தெரியும். அங்கே ரெண்டு நாற்காலி கட்டின நாளிலிருந்து கிடக்கிறது, அந்தக் கழுதை ஒருநாள்கூட வந்து கத்தவில்லை.

"யாரு கழுதை?" என்றார் குனிஹிகோ.

ஹிசானோ அதற்குள் வாசலுக்கு ஓடியிருந்தாள். செருப்பைக்கூட மாற்றாமல், வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்கிவிட்டாள். ஒகாமி ஒருத்தி செய்யக்கூடாத காரியம் அது. பாலத்தில் எதிர்ப்பட்ட நாகுமோ வாயைப் பிளந்தார்.

தமாயோ வாசலிலேயே நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. இருவரும் வணங்கவில்லை. நேரே மூன்று மாடி ஏறினார்கள். இரண்டாம் மாடியில் மூச்சுவாங்க நின்று, திரும்ப ஏறினார்கள். துணி அறையில் போர்வைகளும் தலையணை உறைகளும் கூரைவரை அடுக்கியிருந்தன. ஹிசானோ தன் பைன் அறையிலிருந்து தினமும் பார்க்கும் அந்தச் சின்ன ஜன்னல் அறையின் ஒரு பக்கம் இருந்தது; மலைப்பக்க ஜன்னல் அதற்கு எதிர்ச் சுவரில். அதனடியில் பக்கம் பக்கமாக இரண்டு மர நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்து உட்கார்ந்து இருக்கை தேய்ந்திருந்தது. இன்னொன்று அப்படியே புதிதாக இருந்தது.

"நீ வந்து என்னை நாலு கேள்வி கேப்பேன்னு காத்திருந்தேன்டி," என்றாள் தமாயோ. "கேட்டா கூட்டிட்டு வந்து இங்க உக்கார வைக்கலாம்னு. வீட்டுக்காரரோட சண்டை போட்டு இந்த ஜன்னல் ஒண்ணைத்தான் வாங்க முடிஞ்சுது. நீ என்னடான்னா பாலத்தில 'ஆமாங்க'ன்னுட்டே."

"நீதானடி முதல்ல 'ங்க' போட்டே!"

"எனக்கு உன் முகத்தைப் பாக்கப் பயமா இருந்துச்சு. பயத்தில வாயில காத்துதான் வந்துச்சு."

"இந்த ரெண்டு நாள் ஏன்டி பாலத்துக்கு வரல?"

"என்ன சொல்லிட்டு வருவேன்? வெயில் நல்லாருக்குன்னா? அன்னிக்குத் திரையில படிச்சதும் கைகால் ஓடல. ஆனா ஒண்ணுடி, ஆத்திரம்னு எழுதினியே, அப்பாடா, இவளுக்கு நான் இன்னும் செத்துப்போகலைன்னு இருந்துச்சு." தமாயோ மூக்கை உறிஞ்சினாள். "அந்தக் கருகின மீனுக்கு நான் இங்க உக்காந்து தனியாச் சிரிச்சிருக்கேன், தெரியுமா? தலையணையை வாயில வச்சுக்கிட்டு. பேராசிரியர் பிணம் மாதிரி சுத்திக்கிட்டாரே, அவர் எப்படி நடந்திருப்பார்னு நடந்துகூடப் பாத்தேன். பாக்க யாரும் இல்ல."

"நடந்து காட்டு."

"இப்பவா? ரெண்டு பேரும் அழுது வடியறோம், நான் பேராசிரியர் வேஷம் போடவா?"

"நடந்து காட்டுடின்னா!"

தமாயோ ஒரு படுக்கை விரிப்பை உருவி வலப்பக்கம் மேலே வைத்துச் சுற்றிக்கொண்டு, இல்லாத கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, துணி அடுக்குகளுக்கு நடுவே விறைத்து விறைத்து நடந்தாள். ஹிசானோ முதலில் அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு எது எது என்று தெரியாமல் இரண்டையும் செய்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு புது நாற்காலியில் போய் விழுந்தாள். இத்தனை வருஷம் யாரும் உட்காராத நாற்காலி, சத்தமாகக் கிறீச்சிட்டது.

மூச்சு வாங்கி முடித்து இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எபோஷி மலை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்றுமே இல்லை.

தமாயோ தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இன்னிக்குப் பனி கொஞ்சம்..."

"வாயைத் திறந்தே," என்றாள் ஹிசானோ, "இந்த ஜன்னல் வழியாவே தூக்கிப் போட்டுடுவேன்."